ஆமாங்க டாக்டர்

ஃபிதென்சியோ வேலை முடிந்து வந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஒரு ஆணி விழுந்தது. பழப்பெட்டிகளை அடுக்கும் பலகையில் அடிக்கிற ஆணி. பின்னாலேயே சிவப்பாகச் சொட்டியது. ஸ்ட்ராபெரிச் சாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பாஹரோ பள்ளத்தாக்கில் ஸ்ட்ராபெரி பறிப்பு மும்முரமாகும் மே மாதம் வந்தால் எங்கள் எல்லோர் கைகாலும் அந்த நிறம்தான்.

"யோவ், என்னய்யா இது?" என்று கத்தினாள் அவன் மனைவி ஒப்துலியா.

"ஆணி."

"ஆணின்னு எனக்குத் தெரியாதா? காலையிலேர்ந்து இதுமேல நின்னுக்கிட்டா பழம் பறிச்ச?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. சொதசொதன்னு இருந்துச்சு. பனித்தண்ணி உள்ள போயிடுச்சுன்னு நெனச்சேன்."

அவளுக்குக் கோபம் போய் பயம் வந்தது. ஆணி குத்தியதுகூடத் தெரியாத காலை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி நடமாடுகிறான்? வாசலில் நின்றிருந்த மகள் யாரெத்சி கையிலிருந்த ஊதாத் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவின் பெருவிரலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நான் பக்கத்து டிரெய்லர் வீடு, எலாதியா. வயல் ஓரத்தில் சாப்பாட்டு வண்டி போடுகிறவள். என் காதுக்குத் தப்பி இந்த வரிசையில் ஒரு சட்டி கீழே விழாது. அதனால் அந்த வீட்டில் அப்போது என்ன கொதித்துக்கொண்டிருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஜூன் கடைசியில் யாரெத்சிக்குப் பதினைந்து வயது நிறைகிறது. மாதா கோயிலில் பூசை, பிறகு மண்டபத்தில் விருந்து, நடுவில் அந்தச் சடங்கு. ஊரே பார்க்க அப்பன் முட்டி போட்டு மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றி, முதல் குதிகால் ஷூவை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து நடனத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இதில் ஃபிதென்சியோவுக்கு ஒரு பழைய ஏக்கம் இருந்தது. யாரெத்சி எங்கள் சொந்த ஊர்ப்பக்கம் மிச்சோவகானில் முதல் அடி எடுத்து வைத்தபோது அவன் இங்கே வரப்பில் குனிந்துகொண்டிருந்தான். அதைத் தொலைபேசியில் கேட்டவன், பார்த்தவனில்லை. "இந்த அடியையாவது கண்ணால பாத்துடணும் அக்கா" என்று என் வண்டி முன்னால் நின்று எத்தனை தடவை சொல்லியிருப்பான்! கூட்டாளிகளோடு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நடனம் பழகுவான். அவர்கள் டிரெய்லரே குலுங்கும்.

அவர்கள் வண்டி பழுதாகிக் கிடந்ததால் என் சாப்பாட்டு வண்டியிலேயே கிளினிக்குக்குப் போனோம். அதைப் பார்த்ததும் காத்திருந்த நோயாளிகளில் பாதிப் பேர் வெளியே வந்து வரிசை கட்டிவிட்டார்கள். "இன்னிக்கு அடுப்பு இல்ல, அடுப்பு இல்ல" என்று சொல்லி அவர்களைப் பிரித்துக்கொண்டு உள்ளே போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

டாக்டர் கெஸ்லர் ஒல்லியான, நெட்டையான பெண். ஸ்பானிஷைப் புத்தகத்தில் படித்தவள். வாயைத் திறந்தால் மேடைப் பிரசங்கம்.

"வணக்கம், திரு ஒல்வேரா அவர்களே. தங்கள் பாதத்தை நான் காணலாமா?"

யாரெத்சி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்து அவன் உள்ளங்காலில் தொட்டாள். "இதனை உணர்கிறீர்களா?"

"ஆமாங்க டாக்டர்."

"இங்கே?"

"ஆமாங்க டாக்டர்."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இழையை விலக்கிக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "இங்கே உணர்கிறீர்களா?" என்றாள்.

"ஆமாங்க டாக்டர்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. டாக்டர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். சர்க்கரை மிக அதிகமாக ஏறியிருக்கிறது. மாத்திரை போதாது. இன்சுலின் ஊசியைத் தினமும் அவனே போட்டுக்கொள்ள வேண்டும். பாதத்தைத் தரையில் ஊன்றக்கூடாது. இல்லையென்றால் புண் ஆறாது, விரலை எடுக்க வேண்டிவரும். அதோடும் நிற்காமல் போகலாம். சொல்வது ஒவ்வொன்றுக்கும் அவன் தலை பக்தியோடு ஆடியது. ஊசிப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பூசையில் அப்பம் வாங்குவதுபோல இருந்தது.

மறுநாளிலிருந்து அவனை என் வண்டிக்குள் உட்காரவைத்தேன். முக்காலியில் அவன், அரிசி மூட்டைமேல் அவன் கால். வெங்காயம் நறுக்குவான், பொரியலுக்குக் கள்ளிமடலில் முள் சீவுவான், தோர்த்தியா ரொட்டிக்கு மாவு உருட்டுவான். விடியற்காலை கடல் பக்கமிருந்து வரும் மூடுபனி விலகும் முன்பே பறிப்புக்காரர்கள் வந்துவிடுவார்கள். முகத்தில் கட்டிய துணியை இறக்கிவிட்டுக் கேலியைத் தொடங்குவார்கள்.

"என்ன எலாதியாக்கா, புதுசா சமையக்காரம்மா வெச்சிருக்கியா?"

"மீசை இருக்கே, சாப்பாட்டுல முடி விழாது?"

"டேய், உங்க தோர்த்தியாவுல மொளகா வெச்சு மடிச்சிருவேன் பாத்துக்க" என்பான் இவன்.

சிரிப்பும் கும்மாளமுமாக வண்டி அதிரும். விழா வேலைகள் ஒரு பக்கம் பறந்தன. எங்கள் பக்கம் வழக்கம், விழாவுக்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஞானப்பெற்றோர் பொறுப்பு. கேக்குக்கு ஒருவர், கிரீடத்துக்கு ஒருவர், பாட்டுக்காரர்களுக்கு ஒருவர். பொறுப்பேற்ற நாளிலிருந்து அவர் அந்தக் குடும்பத்துக்குக் கொம்பாத்ரே. பெண் என்றால் கொமாத்ரே. கூடப் பிறந்தவர்களைவிட ஒரு படி மேல். கொம்பாத்ரேயோடு சண்டை போடலாம், கோபித்துக்கொண்டு போகலாம், ஆனால் அவர் கேட்டால் பொய் சொல்லக்கூடாது. ஒரே பீடத்துக்கு முன் நின்றவர்கள். ஃபிதென்சியோவுக்கு இதில் கொம்பாத்ரேக்கள் ஏகப்பட்ட பேர். ஆனால் ஆம்பிளைகள், ஒருத்தனாவது அவனிடம் ஊசி போட்டாயா என்று கேட்க வேண்டுமே! எனக்குச் சமையல் மொத்தமும் கிடைத்தது. வேறு பட்டம் தர யாருக்கும் தோன்றவில்லை.

ஷூ மட்டும் யார் தலையிலும் கட்டப்படாமல் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அவர்கள் டிரெய்லரில் சட்டி பறந்தது. நான் போனபோது ஒப்துலியா குளிர்ப்பெட்டியைத் திறந்து நின்றுகொண்டிருந்தாள். கள்ளிமடல் டப்பாவுக்குப் பின்னால் ஊசிப் பெட்டி, ஒட்டிய சீல் பிரிக்காமல்.

"என்னய்யா இது, முட்டையா? அடைகாக்கவா வெச்சிருக்க?"

"போடலாம்னுதான்."

"எப்போ? என் மக குதிகால் ஷூ போட்டு, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்த அப்பறமா? அந்த டாக்டர் முன்னாடி மாடு மாதிரி மண்டைய ஆட்டுனியே, எதுக்கு?"

"படிச்சவங்க, ஒப்துலியா. நமக்காக உக்காந்து அவ்வளவு தூரம் சொல்றாங்க. மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொன்னா அது மரியாதையா?"

"அப்ப ஏன் மாட்டேங்கறன்னு எங்கிட்டயாவது சொல்லித் தொலையேன்!"

அவன் காலை நீட்டி உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். ஒப்துலியா என்னை வெளியே இழுத்துவந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்து நின்றவள், சட்டென்று திரும்பினாள். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அக்கா, டாக்டர்கிட்டதான பொய் சொல்லுவான்?"

"ஆமா."

"கொமாத்ரேகிட்ட?"

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்த மூளைக்கு அவளையே டாக்டராக்கலாம்.

இரண்டாவது தடவை கிளினிக்கில் சர்க்கரை முன்பைவிட ஏறியிருந்தது. டாக்டர் நெற்றியைத் தேய்த்தாள். "ஊசி தினமும் போட்டுக்கொள்கிறீர்கள் அல்லவா?"

"ஆமாங்க டாக்டர்."

"அவ்வாறெனில் அளவைக் கூட்ட வேண்டும். எனக்குப் புரியவில்லை, திரு ஒல்வேரா. புண் பெரிதாகிறது. இப்படியே போனால் விரல் தங்காது."

ஒப்துலியா எழுந்து நின்றாள். பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள். "டாக்டர், எங்க பொண்ணு விழாவுக்கு ஷூ தர ஞானத்தாயா நீங்க வரணும். குடும்பமா கேக்கறோம்."

ஃபிதென்சியோவுக்கு முகம் வெளிறிப்போனது. வலையில் விழுந்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது. டாக்டருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. "நோயாளிகளிடம் பரிசு வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை" என்றாள்.

"வாங்க வேணாம் டாக்டர், நீங்க குடுங்க" என்றேன் நான்.

அவள் சிரித்துவிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யாரெத்சி வாசல்வரை ஓடிப்போய்த் தன் ஷூ அளவைச் சொல்லிவிட்டு வந்தாள். கெட்டிக்காரி, அம்மாவின் பெண்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரிசைக்குள் ஒரு சின்னக் கார் குழியில் விழுந்து எழுந்து வந்தது. டாக்டர் கெஸ்லர்! வெள்ளைக் கோட்டு இல்லாமல், பூப்போட்ட சட்டையில், கையில் ஷூப் பெட்டியோடு. நாய்கள் குரைத்தன, குழந்தைகள் கத்தின, நான் அடுப்பிலிருந்த மோலே குழம்பை விட்டுவிட்டு ஓடினேன்.

"பரிசு கொடுப்பது பற்றி விதிகளில் எதுவும் இல்லை. படித்துப் பார்த்தேன்" என்றாள்.

ஒப்துலியா அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "இன்னிலேர்ந்து நீங்க எங்க கொமாத்ரே. இவரு உங்க கொம்பாத்ரே. பொய்யி கிடையாது, ஒளிவுமறைவு கிடையாது. சாப்பிடுங்க."

சாப்பிட்டாள். மோலே குழம்பை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. கள்ளிமடல் பொரியலைக் காட்டி, "சக்கரைக்கு நல்லதுன்னு இதைத் தின்னுக்கிட்டே இருக்காரு" என்று ஒப்துலியா புகார் சொன்னபோது, "நல்லதுதான். தொடர்ந்து சாப்பிடட்டும். ஊசிக்குப் பதிலாக வேண்டாம், ஊசியோடு சேர்த்துச் சாப்பிடட்டும்" என்றாள். ஃபிதென்சியோ தட்டிலிருந்து முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தான்.

"கொம்பாத்ரே" என்றாள். அந்தச் சொல்லை மெதுவாக, சூடான பாத்திரத்தைத் தூக்குவதுபோலச் சொன்னாள். "இந்த நோய் உங்களுக்கு எப்படி வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?"

இத்தனை வருடத்தில் யாரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. அவன் தோர்த்தியாவைக் கீழே வைத்தான். "பயத்துல வந்தது. ஆளுங்கள ஏத்திப்போன லாரி பாலத்துலேர்ந்து கவுந்துச்சு. நான் தண்ணிக்குள்ள கெடந்தேன். அன்னிக்குப் புடிச்ச தாகம், இன்னிவரைக்கும் விடல."

அவள் சிரிக்கவில்லை. "பயம் உடம்பை உலுக்கும். தாகம் அதற்குப் பிறகுதான் வந்தது என்பதை நம்புகிறேன். ஊசி போட்டுக்கொண்டீர்களா, கொம்பாத்ரே?"

அவன் தலை ஆட ஆரம்பித்தது. பழக்கதோஷம். பாதி வழியில் நின்றது. ஒப்துலியா கரண்டியைப் பிடித்தபடி மூச்சை அடக்கினாள். யாரெத்சி என் கையை நெரித்தாள்.

"இல்ல" என்றான். "ஒண்ணுகூடப் போடல."

"ஏன்?"

"எங்கண்ணன் நசாரியோ. ஊருல இருக்கான். அவனுக்கும் சக்கரைதான். நல்லாத்தான் இருந்தான், ஆட்டை மேட்டுக்கு ஓட்டிட்டுப் போய் வருவான். ஊசி போட ஆரம்பிச்சாங்க. ஒரே வருசத்துல ரெண்டு கண்ணும் போச்சு." அவன் குரல் உடைந்தது. "கொமாத்ரே, கால எடுத்தாலும் எடுத்துக்கங்க. கண்ணு போனா எம்பொண்ணு ஆடறத நான் எப்படிப் பாப்பேன்?"

இதைத்தான் இந்த மனுஷன் நெஞ்சில் போட்டுப் பூட்டி வைத்திருந்தான். ஒப்துலியா கரண்டியைப் போட்டுவிட்டு அவன் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "சொல்லியிருக்கலாமே, பைத்தியக்காரா, சொல்லியிருக்கலாமே" என்று அழுதாள்.

டாக்டர் தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "கண்ணைக் கெடுப்பது ஊசி இல்லை, கொம்பாத்ரே, சர்க்கரை. ஆனால் நான் சொன்னால் நீங்கள் ஆமாங்க டாக்டர் என்பீர்கள். அண்ணனைக் கூப்பிடலாமா?" என்றாள்.

தொலைபேசியை மேசைமேல் வைத்தோம். மறுமுனையில் கோழி கத்தியது. நசாரியோவின் பெரிய குரல் டிரெய்லரை நிறைத்தது. விஷயத்தைக் கேட்டதும் அந்தக் குரல் சின்னதாகிவிட்டது.

"ஊசியாலன்னு நாந்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன், தம்பி."

"பின்ன?"

"மொதல்ல மாத்திரை குடுத்தாங்கடா. டாக்டரம்மா கேக்கும்போதெல்லாம் ஆமாங்க ஆமாங்கன்னேன். மாத்திரைய கோழிக்குப் போட்டேன். பல வருசம். கண்ணுல புகை மாதிரி வந்துச்சு, அதையும் சொல்லல. ஊசி வந்தப்ப பார்வை பாதிக்குமேல போயிடுச்சு. எந்தப்புன்னு ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. பழிய ஊசிமேல போட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "நீயும் தலையாட்டிட்டு இருக்கியா, ஃபிதென்சியோ?"

"ஆமாண்ணே."

"நிறுத்துடா, கழுதை! போடுடா ஊசிய! நான் கேட்டுக்கிட்டே இருக்கேன், இப்பவே போடு!"

ஒப்துலியா ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்தாள். சீல் பிரியவில்லை. யாரெத்சி பல்லால் கடித்துப் பிரித்தாள். கொமாத்ரே அவன் கைமேல் கை வைத்துக் காட்டிக்கொடுத்தாள். அவன் வயிற்றை எக்கிக்கொண்டு கண்ணை இறுக மூடினான். "முடிந்தது" என்றாள். ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொன்றை. முதலில் மகளைப் பார்த்தான், அடுத்து சுவர், அடுத்து என் மோலேச் சட்டி. "எல்லாம் தெரியுது" என்றான் ஆச்சரியத்தோடு. நாங்கள் சிரித்த சிரிப்பில் நாய்கள் மறுபடி குரைத்தன.

அதற்குப் பிறகு நாட்கள் ஓடின. கண்ணையும் பரிசோதித்தார்கள், பெரிய சேதம் இல்லை என்றார்கள். அவன் அரிசி மூட்டைமேல் கால் நீட்டி வெங்காயம் உரித்தான், புண் விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. கொமாத்ரே சொன்னாள், "ஒரு பாட்டுக்கு ஆடலாம். ஒரே ஒரு பாட்டு. அதுவும் நான் தரும் ஷூவில்."

விழா அன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. நான் மோலே அண்டாக்களை விட்டுவிட்டுக் கரண்டியோடு வந்து முன்வரிசையில் நின்றேன். யார் என்னைத் தடுப்பார்கள்? நசாரியோ என் கையிலிருந்த தொலைபேசியில் காத்திருந்தான். ஊதா உடையில் யாரெத்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். கொமாத்ரே கெஸ்லர் பட்டுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன்மேல் குதிகால் ஷூ ஒரு ஜோடி. பக்கத்தில், புண்ணுக்கென்று கிளினிக்கில் கொடுக்கிற அகலமான பூட்ஸ் ஒன்று. ஒப்துலியா அதற்கு அதே ஊதாத் துணியில் சட்டை தைத்துப் போட்டிருந்தாள். கூட்டம் விசிலடித்தது.

ஃபிதென்சியோ முன்னால் வந்தான். கொமாத்ரே தலையணையை நீட்டாமல் நிறுத்தினாள். இப்போது அவள் ஸ்பானிஷிலிருந்து அந்தப் பிரசங்கத் தொனி போயிருந்தது. எங்களோடு தின்று தின்று எங்கள் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"கொம்பாத்ரே, விருந்துக்கு முன்னாடி ஊசி போட்டாச்சா?"

பாட்டுக்காரர்கள் வாத்தியத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாதிரியார் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டாளிகள், மேஸ்திரி, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய ஃபிதென்சியோவாக இருந்தால் ஒரு தலையாட்டலில் வேலை முடிந்திருக்கும்.

"இல்ல, கொமாத்ரே" என்றான் சத்தமாக. "பரபரப்புல மறந்துட்டேன். போடல."

அவள் தலையணையோடு அப்படியே துள்ளினாள். நெட்டைப் பெண் துள்ளினால் பார்க்கவேண்டும்! "கேட்டீங்களா? இல்லன்னு சொல்லிட்டாரு! எங்கிட்ட இல்லன்னு சொல்லிட்டாரு!" கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கைதட்டியது. ஒப்துலியா சோடாப் புட்டிகள் கிடந்த பனிக்கட்டித் தொட்டி ஓரத்திலிருந்து ஊசிப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் புதுச் சட்டையை உயர்த்தி, எல்லோர் முன்னாலும், கண்ணைத் திறந்துகொண்டே போட்டுக்கொண்டான்.

"எத்தனை நேரம்? என்னடி நடக்குது அங்க?" என்று தொலைபேசி கத்தியது.

"பொறு, நசாரியோ. ஊசி போட்டா ஒடனே ஏதாவது சாப்பிடணும்னு கொமாத்ரே ஒரு தோர்த்தியாவ அவன் வாயில திணிக்கிறாங்க. இப்ப பொண்ணு கீழ எறங்கிட்டா. அப்பன் காலுக்கு அவதான் மொதல்ல பூட்ஸ் மாட்டுறா. ஊதா பூட்ஸ். இப்ப அவன் முட்டி போடறான். தட்டைச் செருப்பக் கழட்டிட்டான். ஒரு ஷூ... இன்னொண்ணு..."

"அப்பறம்?"

வாத்தியங்கள் எழும்பின. கரண்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"எந்திரிச்சுட்டா. தடுமாறுறா. அவன் கையப் புடிச்சிருக்கான். வெச்சுட்டா, நசாரியோ. மொத அடி வெச்சுட்டா."

"எந்தம்பி பாக்குறானா?" என்றான்.

"பாக்குறான்" என்றேன். "கண்ணு கொட்டாம பாக்குறான்."